சல்போலீன் வினை: விளைபொருள் பாதிகூட வரவில்லை

கேள்வி – குடுவைக்காரன்
சூட்டில் 3-சல்போலீன் (கந்தகமுள்ள ஐந்தணு வளையம்) உடைந்து வரும் பியூட்டாடையீனை மலெயிக் அன்ஹைட்ரைடோடு சேர்க்கும் வினை. 3-சல்போலீன் 10 கிராம், மலெயிக் அன்ஹைட்ரைடு 6 கிராம், கரைப்பானாகச் சைலீன் 4 மி.லி., அரை மணி நேரம் ரிஃப்ளக்ஸ் (ஆவி குளிர்ந்து திரும்பக் குடுவையில் விழும்படி கொதிக்கவைப்பது). முதல் ஐந்து நிமிடத்திலேயே குமிழ் பொங்கி அடங்கிவிட்டது. கடைசியில் 4 கிராம்தான் தேறியது. அதுவும் 103-104 டிகிரியில் உருகாமல் 150-ஐத் தாண்டுகிறது. எங்கே தப்பு?

பதில் – சைக்ளோ
இரண்டும் வேறு வேறு கோளாறு. உருகுநிலை ஏறியதற்குக் காரணம் ஈரம். அன்ஹைட்ரைடு வளையம் திறந்து இரட்டை அமிலமாகியிருக்கிறது. மலெயிக் அன்ஹைட்ரைடு பாட்டில் பழசா என்றும் பாருங்கள்.

அளவு குறைந்ததற்குக் காரணம் அவசரச் சூடு. 120 டிகிரியைத் தாண்டினால் சல்போலீன் வளையம் பியூட்டாடையீனாகவும் சல்பர் டை ஆக்சைடாகவும் உடையும். பியூட்டாடையீன் கொதிப்பதோ மைனஸ் 4-இல். தண்ணீர்க் கண்டன்சர் அதைப் பிடித்து வைக்காது. மெல்ல உடைந்தால்தான் வர வரப் பியூட்டாடையீனை அன்ஹைட்ரைடு வாங்கிக்கொள்ளும். முதலில் இளஞ்சூட்டில் குடுவையைச் சுழற்றி எல்லாம் கரையட்டும், பிறகு மிதமான ரிஃப்ளக்ஸ். சைலீனைக் கூட்டாதீர்கள், நீர்த்துப்போனால் சேர்க்கை மந்தமாகும். சல்போலீன்தான் இங்கே மிகுதி (0.085 மோலுக்கு 0.061), ஆகவே உச்சம் 9.3 கிராம்.

பதில் – காரப்பொறி
வாயுவை எப்படிப் பிடித்தீர்கள்? 10 கிராமுக்கு 5.4 கிராம் சல்பர் டை ஆக்சைடு, சுமார் 2 லிட்டர். காஸ்டிக் சோடா 7 கிராமாவது வேண்டும்; 10 கிராமை 100 மி.லி. நீரில் கரைத்து வையுங்கள். குழாய் நுனி கரைசலுக்குள் மூழ்கக் கூடாது. கவிழ்த்த புனல் மேற்பரப்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கட்டும். இல்லையென்றால் சூடு தணிந்ததும் கரைசல் பின்னோக்கி ஏறிக் குடுவைக்குள் வந்துவிடும்.

குடுவைக்காரன்
குழாய் மூழ்கித்தான் இருந்தது! ஈரம் அங்கிருந்துதான் வந்திருக்கும். இன்னொன்று: சல்போலேனும் ஐந்தணு வளையம்தானே, அது மட்டும் ஏன் 200 டிகிரியிலும் அசையவில்லை? சைலீனுக்குப் பதில் டொலுவீன் போட்டால்?

பதில் – சைக்ளோ
இரட்டைப் பிணைப்புதான் வித்தியாசம், சல்போலேனில் அது இல்லை. 3-சல்போலீனில் இரண்டு கார்பன்–கந்தகப் பிணைப்பும் ஒரே வீச்சில் விடுபட, எலக்ட்ரான்கள் இடம் மாறி டையீன் (இரண்டு இரட்டைப் பிணைப்புள்ள சேர்மம், இங்கே பியூட்டாடையீன்) உருவாகிவிடும். வளையத்தின் 2, 5-ஆம் கார்பன்களில் ஒரே பக்கமாக இரு மெத்தில் இருந்தால் ட்ரான்ஸ்-ட்ரான்ஸ் ஹெக்ஸாடையீன்தான் வரும், கலவை வராது. சல்போலேனுக்கு அந்த வழியே கிடையாது. 220-க்கு மேல்தான் மெதுவாகச் சிதையும். காரம் பட்டால் 3-சல்போலீனில் இரட்டைப் பிணைப்பு இடம் மாறி, இப்படி உடையாத 2-சல்போலீனாகிவிடும், அதனால் குடுவையில் சோடா மிச்சம் இல்லாமல் கழுவுங்கள். டொலுவீன் வேண்டாம். அது 110-இலேயே கொதித்துவிடும். அரை மணி நேரத்தில் பெரும்பகுதி உடையாமல் அப்படியே கிடக்கும்.