பேட்டில் ராயல்: தியேட்டர் வெர்ஷனா, ஸ்பெஷல் எடிஷனா?

செந்தில்_வட்டு:
'பேட்டில் ராயல்' என்ற ஜப்பானியப் படத்தின் புளூ-ரே பெட்டியில் இரண்டு வெர்ஷன் இருக்கிறதே, எதை முதலில் போடுவது என்று நண்பர் ஒருவர் கேட்டார். 2000 டிசம்பரில் ஜப்பான் தியேட்டர்களில் வந்த 114 நிமிடப் படத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. 2001இல் வந்த ஸ்பெஷல் எடிஷன் 122 நிமிடம். அந்த எட்டு நிமிடம் படத்தைக் கெடுக்கிறது. கதை தெரியாதவர்களுக்காக: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 42 பேரை ஒரு தீவில் இறக்கி, கழுத்தில் வெடிக்கிற பட்டையை மாட்டி, மூன்று நாளில் ஒருவர்தான் மிஞ்ச வேண்டும் என்கிறது அரசாங்கம். ஒருவருக்குத் துப்பாக்கி கிடைக்கும், இன்னொருவருக்குப் பானை மூடி. இதில் இயக்குநர் கின்ஜி ஃபுகாசாகு நம்மை அழ விடுவதே இல்லை. ஒருவன் செத்ததும் திரையில் பெயர், எண், மிச்சம் இத்தனை பேர், அவ்வளவுதான், அடுத்த காட்சி. ஸ்பெஷல் எடிஷனில் அதே பிள்ளைகள் கூடைப்பந்து ஆடிச் சிரிக்கிற காட்சிகளைப் பிறகு படமாக்கி ஒட்டியிருக்கிறார்கள். பல வருடங்களுக்கு முன் நான் வாங்கிய டிஸ்க்கில் அதுதான் இருந்தது, அட்டையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படமே அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

மலர்விழி:
செந்தில் அண்ணா, இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அந்த மாணவிகளில் ஒருத்தி மிட்சுகோவை எடுத்துக்கொள்ளுங்கள். தியேட்டர் வெர்ஷனில் அவள் அரிவாளோடு திரிகிற ஒரு பேய், அவ்வளவுதான் தெரிகிறது. ஸ்பெஷல் எடிஷனில்தான் அவள் சின்ன வயதில் அம்மாவே அவளை ஒரு ஆளிடம் விட்டதையும், அவள் அவனை மாடிப்படியில் தள்ளிவிட்டதையும் பார்க்கிறோம். அதைப் பார்த்த பிறகு அவள் சாகிற இடத்தில் எனக்கு மூச்சு முட்டியது. அந்தக் கூடைப்பந்து மேட்சும் அப்படித்தான். எல்லோரும் கத்திக்கொண்டிருக்க மிட்சுகோ மட்டும் ஒட்டாமல் நிற்பாள், கவனித்தீர்களா?

வாத்தியார்_ரவி:
இருவரும் எந்த வெர்ஷன் நல்லது என்று பேசுகிறீர்கள். எனக்கு இந்தப் படம் வீட்டுக்குள் டிஸ்க்காக வந்ததே பிரச்சினை. நான் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவன். வகுப்பில் கிசுகிசுத்ததற்காக ஒரு பெண்ணின் நெற்றியில் ஆசிரியர் கத்தி எறிகிற காட்சியைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஜப்பானில் இதற்கு ஆர்-15 சான்றிதழ், அதாவது பதினைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை. சரி, தியேட்டர் வாசலில் ஒருவர் நின்று தடுக்கலாம். வீட்டில் யார் தடுப்பது? கொலைகளை மட்டும் ஓட்டி ஓட்டிப் பார்க்கலாமே. 2004இல் ஜப்பானின் சசேபோ நகரத்தில் பள்ளிக்குள்ளேயே ஒரு பதினோரு வயதுச் சிறுமி தன் வகுப்புத் தோழியைக் கொன்றாள், அவளுக்கு இந்தக் கதையில் பெரிய ஈடுபாடு இருந்தது என்று செய்திகளில் வந்தது. அதைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது.

செந்தில்_வட்டு:
ரவி சார், ஒதுக்கவில்லை. ஆனால் பழி எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். படம் வந்த அதே 2000ஆம் வருடம், மே மாதத்தில் ஜப்பானில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் பஸ் கடத்தி ஒருவரைக் கொன்றான், நாடே பதின்வயதுப் பிள்ளைகளைப் பார்த்துப் பயந்துபோயிருந்தது. நவம்பரில் சிறார் சட்டத்தைத் திருத்தி, கிரிமினல் தண்டனை கொடுக்கக்கூடிய வயதைப் பதினாறிலிருந்து பதினாலாகக் குறைத்தார்கள். அடுத்த மாதம் இந்தப் படம் வருகிறது, பிள்ளைகளுக்குப் பயந்த பெரியவர்கள் அவர்களைக் கொல்லச் சட்டம் போடுகிற கதை. கோகி இஷி என்ற எம்.பி. நாடாளுமன்றத்தில் இதை எதிர்த்ததில் ஆச்சரியம் என்ன!

அப்புறம் ஃபுகாசாகுவுக்கு இது வெறும் கற்பனை இல்லை. 1945இல் அவருக்குப் பதினைந்து வயது, ஆயுதத் தொழிற்சாலையில் வேலை. பீரங்கித் தாக்குதல் நடந்தபோது பிள்ளைகள் ஒருவர் உடலுக்குக் கீழே இன்னொருவர் பதுங்கித் தப்பினார்கள், செத்தவர்களை அள்ளிப் போட்டதும் அந்தப் பிள்ளைகள்தான். பெரியவர்கள் சொன்னதெல்லாம் பொய் என்று அன்று தெரிந்துகொண்டவர் எழுபது வயதில் எடுத்த படம் இது. பதினைந்து வயதுக்காரனின் கதையைப் பதினைந்து வயதுக்காரனுக்குக் காட்டக் கூடாது என்றால் எப்படி?

வாத்தியார்_ரவி:
அந்தப் போர் அனுபவம் எனக்குத் தெரியாது. அதைப் படித்ததும் கொஞ்சம் நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டேன், உண்மையைச் சொல்கிறேன். பிணத்துக்குக் கீழே கிடந்தவருக்கு ரத்தத்தைக் காட்ட உரிமை உண்டு. ஆனால் ஒன்று சொல்லுங்கள். ஸ்பெஷல் எடிஷனில் கம்ப்யூட்டர் ரத்தம் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்களே, அதுவும் போர் நினைவா?

மலர்விழி:
இல்லை சார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, அது தேவையே இல்லாதது.

கடல்காற்று:
நடுவில் ஒரு விஷயம். அமெரிக்காவில் இது முறைப்படி டிஸ்க்கில் வர பதினோரு வருடம் ஆனது. 2012 மார்ச் 20, நான்கு டிஸ்க் பெட்டி. மூன்று நாள் கழித்து அங்கே, இதே மாதிரி பிள்ளைகளை ஒருவரை ஒருவர் கொல்ல விடுகிற கதையான 'ஹங்கர் கேம்ஸ்' ரிலீஸ். அதற்கு முன்பே பிரிட்டனில் 2010இல் ஆரோ கம்பெனி இரண்டு வெர்ஷனையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டது. ரவி சார் பயப்படுகிற மாதிரி ஓட்டிப் பார்க்கிறவர்களும் உண்டு, ஆனால் கலங்கரை விளக்கக் காட்சியை நான் ஐந்தாறு முறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன், ரத்தத்துக்காக அல்ல. ஒன்றாகச் சமைத்துப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்த தோழிகள் அவர்கள். கூடப் படிக்கிற ஷூயா என்ற பையனுக்கு வைத்த விஷத்தை வேறொருத்தி தெரியாமல் சாப்பிட்டு விழுந்ததும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டு, சில நிமிடத்தில் எல்லோரும் சுட்டுக்கொண்டு செத்துவிடுகிறார்கள். விஷம் வைத்தவள் மட்டும் மிஞ்சுகிறாள், அவளும் மேலிருந்து குதித்துவிடுகிறாள். எந்த நொடியில் நட்பு உடைந்தது என்று தேடித் தேடிப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

செந்தில்_வட்டு:
இதைத்தான் நானும் சொல்கிறேன். அந்தக் காட்சிக்குக் கூடைப்பந்து எதற்கு? அவர்கள் தோழிகள் என்பது சமைக்கிற அழகிலேயே தெரிந்துவிடுகிறது.

மலர்விழி:
அண்ணா, கூடைப்பந்தை விடுங்கள், ரத்தத்தையும் விட்டுவிடுகிறேன். ஆற்றங்கரையை மட்டும் விட மாட்டேன். மாணவி நோரிகோவும் ஆசிரியர் கிடானோவும் ஐஸ் சாப்பிட்டுக்கொண்டு நடக்கிற கனவு. தியேட்டர் வெர்ஷனில் உதடு அசைகிறது, பேச்சுக் கேட்காது. ஸ்பெஷல் எடிஷனின் கடைசியில்தான் கேட்கிறது. கிடானோவைக் குத்திய கத்தியைத் தான் எடுத்து வைத்திருப்பதாக அவள் சொல்கிறாள். இந்த மாதிரி நேரத்தில் ஒரு பெரியவன் பிள்ளையிடம் என்னதான் சொல்வது என்று அவர் கேட்கிறார். அந்தக் கேள்வியோடு படம் முடிகிறது.

செந்தில்_வட்டு:
அது கேட்காமல் இருப்பதுதான் எனக்குப் பிடித்தது. என்ன பேசினார்கள் என்று வருடக்கணக்கில் யோசிக்கலாம். ஆனால் நீ சொல்வதையும் மறுக்க முடியவில்லை. நண்பரிடம் தியேட்டர் வெர்ஷனை முதலில் போடு, ஒரு வாரம் விட்டு இன்னொன்றின் கடைசிப் பத்து நிமிடத்தைப் பார் என்று சொல்லிவிடுகிறேன்.

வாத்தியார்_ரவி:
என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் இதைக் காட்ட மாட்டேன், அதில் மாற்றம் இல்லை. மலர், நான் பார்த்தது தியேட்டர் வெர்ஷன் போலிருக்கிறது, அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. அந்த டிஸ்க் உன்னிடம் இருந்தால் இரண்டு நாளைக்குக் கொடும்மா.