அப்பாவுக்குத் தனி அறை

கவிதா: அப்பாவைத் தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஆசனவாயில் எடுத்த ஸ்வாப் ரிசல்ட் வந்துவிட்டது. கிளெப்சியெல்லா என்ற கிருமியாம், கார்பபெனம் என்ற வலுவான ஆன்டிபயாட்டிக் ஊசிக்கும் அடங்காத வகை. உள்ளே போகிற எல்லாரும் கவுனும் கையுறையும் போட வேண்டும்.

அத்தை: ஐயோ! காய்ச்சல் இருக்கிறதா?

கவிதா: இல்லை அத்தை. என் கவுனைப் பார்த்துச் சிரிக்கிறார்.

முரளி: உலக சுகாதார நிறுவனத்தின் 2024 பட்டியலில் இது மிக ஆபத்தான வரிசையில் இருக்கிறது அக்கா. ஏன் இன்னும் மருந்து ஆரம்பிக்கவில்லை?

தேவி அண்ணி: வேண்டாம் முரளி. கிருமி குடலில் குடியிருக்கிறது, அவ்வளவுதான். மாமாவுக்கு நோய் இல்லை. இப்போது ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் குடலில் இருக்கும் சாதுவான கிருமிகள்தான் முதலில் சாகும், அந்த இடத்தையும் இது பிடித்துக்கொள்ளும். சிறுநீரிலோ ரத்தத்திலோ தொற்றாக மாறினால் அப்போது மருந்து.

சித்தி: எனக்கு ஒரு ஃபார்வர்டு வந்தது. மூக்கு ட்யூபில் சாப்பாடு கொடுப்பதால்தான் இந்தக் கிருமி வருகிறதாம். அத்தானுக்கு முதலில் அதை எடுக்கச் சொல்லுங்கள்.

தேவி அண்ணி: அதில் பாதி உண்மை சித்தி, அதுதான் தொல்லை. ட்யூபில் சாப்பிடுகிறவர்களிடம் இந்தக் கிருமி கூடுதலாகத் தெரிகிறது, சரி. ஆனால் ட்யூப் யாருக்குப் போடுகிறார்கள்? பக்கவாதம் வந்து, ஐசியூவில் கிடந்து, ஏற்கெனவே ஆன்டிபயாட்டிக் நிறைய வாங்கினவர்களுக்கு. மாமாவுக்கே நிமோனியாவுக்கு இரண்டு முறை மாற்றிக் கொடுத்தார்கள். எது எவ்வளவு காரணம் என்று பிரிப்பது சிரமம்.

தேவி அண்ணி: ட்யூபுக்கும் பங்கு இருக்கலாம். அதன் உள்பக்கம் கிருமிகள் வழவழவென்று படலமாக ஒட்டும். ஒரு நாளில் எத்தனை கை அந்த மூடியைத் திறக்கிறது! போதாததற்கு அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மருந்து வேறு. விழுங்குகிற கிருமியை வயிற்றிலேயே கொல்வது அமிலம்தான், அதையும் குறைத்து வைத்திருக்கிறோம்.

கவிதா: நேற்றுப் பொடி கரைத்த ஃபீட் மதியம் முழுக்கத் தொங்கியது. கொட்ட மனம் வராமல் நான்தான் விட்டேன்.

தேவி அண்ணி: கொட்டிவிடு கவிதா. கரைத்தது 4 மணி நேரத்துக்கு மேல் தொங்கக் கூடாது. ட்யூபைத் தொடும் முன் கை சுத்தம். தலைப்பக்கம் 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்ந்திருக்கட்டும்.

அத்தை: அப்போ ட்யூப் இருக்கட்டுமா?

தேவி அண்ணி: விழுங்கும் பரிசோதனையில் தேறும்வரை இருக்கட்டும் அத்தை. அவசரப்பட்டு எடுத்தால் சாப்பாடு நுரையீரலுக்குள் இறங்கும். மறுபடி நிமோனியா, மறுபடி ஆன்டிபயாட்டிக்.

முரளி: பிசியோதெரபி?

கவிதா: நிற்காது. நடைப்பயிற்சிக்குக் கடைசி ஆளாகக் கூட்டிப்போவார்கள், பிறகு பிடித்து நடக்கும் கம்பிகளைத் துடைப்பார்கள்.

சித்தி: எத்தனை நாளில் இந்தக் கிருமி போகும்? நான் வந்து பார்க்கலாமா?

தேவி அண்ணி: மாதக்கணக்கில் இருக்கலாம் சித்தி. சிலருக்குத் தானாகவே போய்விடும். தாராளமாக வாருங்கள், எல்லாரையும் போலக் கவுனும் கையுறையும் போட்டு, போகும்போதும் வரும்போதும் கையில் ஆல்கஹால் ஜெல் தேய்த்தால் போதும். மாமாவுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மட்டும் சோப்பும் தண்ணீரும். அது க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற வேறு கிருமியாக இருக்கலாம், அதன் விதை போன்ற ஸ்போர்கள் ஜெல்லுக்குச் சாகாது.

சித்தி: ஃபார்வர்டை அழித்துவிட்டேன்.

முரளி: யாருக்கெல்லாம் அனுப்பினீர்கள் சித்தி?

சித்தி: நான்கு குழுக்களுக்கு.

கவிதா: விழுங்கும் பயிற்சி கொடுப்பவர் வந்துவிட்டார், கவுன் முடிச்சோடு போராடிக்கொண்டிருக்கிறார். அப்புறம் பேசுகிறேன்.