சித்தி கரைத்த ஆரத்தியை அவரே எடுக்கக் கூடாதா?

பினாங்கு வாசி:
என் சித்தி சீனக் குடும்பமொன்றில் பிறந்து, கைக்குழந்தையாகவே எங்கள் பாட்டிக்குத் தத்துக் கொடுக்கப்பட்டவர். சஷ்டி விரதம் தவறாதவர். தமிழில்தான் கனவும் காண்பார். சென்ற மாதம் பட்டர்வொர்த்தில் நடந்த உறவினர் திருமணத்தில் அவர் ஆரத்தித் தட்டை ஏந்தி நின்றபோது, பெரியம்மா ஒருவர், "நீ இரும்மா, நம்ம ஆளுங்க எடுக்கட்டும்" என்று தட்டை வாங்கிக்கொண்டார். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து ஆரத்தியைக் கரைத்தவரே சித்திதான். பந்தியில் அமர்ந்தபோதும் அவர் விரல்களில் அந்தச் சிவப்பு போகவில்லை. தைப்பூசத்தில் தேங்காய் உடைக்கும் சீனரைக் கண்டு பூரிக்கும் நாம், இவரிடம் மட்டும் ஏன் தயங்குகிறோம்?

தண்ணீர்மலை அடியார்:
தேங்காய் உடைத்தவர் மாலையில் வீடு திரும்பிவிடுகிறார். அவர் விருந்தினர், நாம் வீட்டுக்காரர் என்ற கணக்கு குலையாமல் இருக்கிறது. உங்கள் சித்தியோ எங்கும் திரும்பிப் போவதில்லை. குருதியில் வருவதென்று நாம் நம்பிய தமிழ்மை வளர்ப்பிலும் முழுமையாக வந்துவிடும் என்பதற்கு அவரே கண்கண்ட சான்றாக நிற்கிறார். அயலாரைவிட, அயலாராகத் தோன்றி நம்மவராக வாழ்பவரிடமே அச்சம் கூடுதல் என்று நினைக்கிறேன்.

ஜார்ஜ்டவுன் ஆசிரியர்:
இது நமக்கு மட்டும் உரிய குணமன்று. தமிழ் முஸ்லிம் வணிகருக்கும் மலாய்ப் பெண்களுக்கும் பிறந்த வழியினரை ஆங்கிலேயர் தம் கணக்கெடுப்பில் 'ஜாவி பெக்கான்' என்று தனியே எழுதினர். எந்த இனப் பிரிவிலும் முழுதாக அடங்காத அச்சமூகத்தவரே 1876இல் சிங்கப்பூரில் முதல் மலாய்ச் செய்தித்தாளான 'ஜாவி பெரானாக்கான்' இதழைத் தொடங்கினர். இரு மொழியும் இரு வழக்கமும் அறிந்தவர்களால்தான் அது கைகூடியது. நம் பெரியவர்களின் அச்சத்தையும் நான் எளிதாகத் தள்ளமாட்டேன்: சிறுபான்மையாக வாழ்பவருக்கு, பிள்ளைகள் மொழியையும் சமயத்தையும் விட்டுப் போய்விடுவார்களோ என்ற கவலை உண்மையானது. ஆனால் அந்தக் கவலையின் சுமையை, வந்து சேர்ந்தவர் தலையில் ஏற்றுவது அநியாயம்.

வளர்ப்பு மகள்:
நானும் அப்படி வளர்ந்தவள். சந்தையில் மீன்காரர் ஹொக்கியன் என்னும் சீன மொழியில் பேசுவார். நான் விழிப்பதைக் கண்டு, சீன முகத்தோடு சீனம் தெரியாதா என்று கடிந்துகொள்வார். அங்கே முகம் போதுமானது, மொழி போதவில்லை. மண்டபத்தில் மொழி போதுமானது, முகம் போதவில்லை. அன்றாடம் என்னை யாரும் ஒதுக்குவதில்லை. பெண் பார்க்க வந்தபோதும் மங்கலச் சடங்குகளிலும்தான் பேச்சு மாறியது. ஒன்று மட்டும் கேட்கிறேன்: தட்டை வாங்கியபோது அருகில் நின்ற உங்கள் அம்மா என்ன சொன்னார்?

பினாங்கு வாசி:
ஒன்றும் சொல்லவில்லை, அக்கா. நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.