பொருள்: கழுத்துவலி ஒப்புதல் படிவம் – 'மேனுவல் தெரபி'க்குத் தமிழ் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், திருச்சி

குழுமத்தாருக்கு வணக்கம்.

கழுத்துவலிக்கு 'மேனுவல் தெரபி' (மூட்டுகளைக் கையால் அழுத்தியும் அசைத்தும் செய்யும் சிகிச்சை) பெற வருவோர் கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் படிவம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு பத்திதான் நகர மறுக்கிறது. "மேனுவல் தெரபியின்போது நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சிறிது நேரம் மாறக்கூடும், மொபிலைசேஷனுக்கும் மேனிபுலேஷனுக்கும் தனித்தனியே ஒப்புதல் தேவை" என்பது அதன் சாரம்.

'கைமருத்துவம்' என்று போட முடியாது. கை வைத்தியம் என்றால் நம் ஊரில் சுக்குக் கஷாயம். 'கைச் சிகிச்சை' என்றால் கைக்குச் செய்யும் சிகிச்சை ஆகிவிடும். 'கையாள் சிகிச்சை' என்றொரு பட்டியலில் பார்த்தேன். கையாள் என்பவர் யார் என்று உங்களுக்கே தெரியும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் ஒரு பெரியவர் படித்ததும் புரிந்துகொள்ள வேண்டும். உதவுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

கையால் தடவி, வருடி, இசைவிப்பதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் உண்டு: தைவரல். சிலப்பதிகாரக் கானல் வரியில் யாழ் வாசிப்பின் எட்டுச் செயல்களை அடிகள் அடுக்குகிறார்: "பண்ணல் பரிவட்டணை ஆராய்தல் தைவரல், கண்ணிய செலவு விளையாட்டுக் கையூழ், நண்ணிய குறும்போக்கு". இதில் 'ஆராய்தல்' கூட உங்களுக்கு உதவும். மருத்துவர் விரலால் தேடிப் பார்ப்பது அதுதான். அடுத்து வரும் எட்டில் வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல் என்று கைவிரலின் ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு பெயர். 'தைவரல் மருத்துவம்' என்பதே என் பரிந்துரை. நரம்பு என்ற சொல்லும் யாழுக்கும் உடலுக்கும் பொது என்பதைக் கவனியுங்கள்.

இயன்முறை மருத்துவ ஆசிரியர், கோவை

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் எங்கள் வகுப்பில் நடப்பது வருடல் இல்லை.

நோயாளி மெத்தையின் முகத்துளையில் முகத்தை வைத்துக் குப்புறப் படுத்திருப்பார். என் மாணவி இரண்டு கட்டைவிரல் நுனிகளையும் ஐந்தாம் கழுத்து முள்ளெலும்பின் மேல் சேர்த்து வைத்து, தோளிலிருந்து எடையை இறக்கி, சீரான தாளத்தில் அழுத்தி விடுவாள். இயன்முறை மருத்துவர் மெய்ட்லாண்ட் வகுத்த முறையில் ஒன்று முதல் நான்கு வரையிலான படிகள் இந்த வகை. எந்த நொடியிலும் நோயாளி "போதும்" என்று நிறுத்தலாம். இதுதான் மொபிலைசேஷன். ஐந்தாம் படியான மேனிபுலேஷன் வேறு: மூட்டை அதன் எல்லைவரை கொண்டுபோய், குறுகிய தூரத்துக்கு மின்னல் வேகத்தில் ஒரு தள்ளு. அது தொடங்கிய பிறகு நோயாளியால் நிறுத்த முடியாது. படிவம் இரண்டையும் பிரித்துக் கேட்பது இதனால்தான். 'தைவரல்' இரண்டையும் ஒரே போர்வைக்குள் மூடிவிடும்.

இரத்த ஓட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், படிவத்தில் தவறு நேரக்கூடாது. 1998இல் வெளிவந்த குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வில், வலியே இல்லாத தன்னார்வலர்களுக்கு ஐந்தாம் ஆறாம் முள்ளெலும்புகளுக்கு இடையில் பக்கவாட்டில் நகர்த்திப் பார்த்தார்கள். நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சு மூன்றும் ஏறின. உடலை முடுக்கிவிடும் பரிவு நரம்புகள் கிளர்ந்ததன் அடையாளம் அது. "மசாஜ் மாதிரிதானே, பிரஷர் இறங்கும்" என்று எண்ணி வருபவருக்கு இதைச் சொல்லியாக வேண்டும்.

சித்த மருத்துவர், நாகர்கோவில்

புதுச்சொல் எதற்கு? சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவங்களில், கையால் செய்யும் தொக்கணம் ஒன்று. அதில் ஒன்பது வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். கோவை ஆசிரியர் சொன்ன முதல் நான்கு படிகளும் அழுத்தலும் அசைத்தலும்தான். எங்கள் பக்கத்தில் வர்ம ஆசான்கள் இன்றும் நாள்தோறும் புழங்கும் சொல் இது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைய வேண்டாம்.

உறுப்பினர், யாழ்ப்பாணம்

இந்தப் படிவம் எங்கட பக்கமும் வருமெண்டால் ஒண்டு கவனியுங்கோ. 'இரத்தநாளம்' எண்டு நீங்கள் எழுதினால் எங்கட பிள்ளையள் அதை 'வெயின்' எண்டுதான் எடுப்பினம். எங்கட பாடநூல்களிலை ஆட்டரி நாடி, வெயின் நாளம், இரண்டுக்கும் பொது குருதிக்கலன். உங்கட இரத்த அழுத்தம் எங்களுக்குக் குருதி அமுக்கம். 'சிஸ்டம்' எண்டதுக்கு உங்கட மண்டலம் எங்களுக்குத் தொகுதி. எலும்பை என்பு எண்டுதான் படிச்சனாங்கள். "அன்புடையார் என்பும் உரியர் பிறர்க்கு" எண்ட குறள் சொல்லை விட நாங்கள் ஆயத்தமில்லை. அசைத்தல் எண்டால் ஆருக்கும் விளங்கும். தொக்கணம் எண்டால் நான் அகராதி தேடவேணும்.

இதய மருத்துவர், சென்னை

தொக்கணம் பற்றி மரபு அறிந்தவர்கள் முடிவு செய்யட்டும். நான் கழுத்தின் முன்பக்கத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

குரல்வளைக் குருத்தெலும்பின் மேல்விளிம்பு மட்டத்தில், இரு பக்கமும், தலைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரிகிறது. அங்கே அழுத்தத்தை உணரும் நுண்முனைகள் உள்ளன. அந்த இடத்தை வெளியிலிருந்து அழுத்தினால், அழுத்தம் கூடிவிட்டதாக மூளைத்தண்டுக்குச் செய்தி போகும். வேகஸ் நரம்பு இதயத்தை நிதானப்படுத்தும். வயதானவர்களில் சிலருக்கு அப்படியே மயக்கம் வரும். ஆக பின்னால் அழுத்தினால் துடிப்பு ஏறலாம், முன்னால் தவறாக அழுத்தினால் இறங்கலாம். 'அழுத்தல்' என்று பொதுவாக எழுதாதீர்கள். ஒரே வாக்கியத்தில் கை அழுத்தமும் இரத்த அழுத்தமும் மோதும்.

இன்னொன்று. முள்ளெலும்புத் தமனி ஆறாம் முள்ளெலும்பிலிருந்து மேலே எலும்புத் துளைகள் வழியாக ஏறுகிறது. கழுத்தை வெடுக்கென்று திருப்பும்போது அதன் உட்சுவர் கிழிந்து, இரத்தம் உறைந்து, பக்கவாதம் வந்த நேர்வுகள் பதிவாகியுள்ளன. அரிது. ஏற்கெனவே கிழிந்த தமனியின் வலிக்காகத்தான் சிலர் சிகிச்சைக்கு வந்திருக்கலாம் என்பதால் எது காரணம், எது விளைவு என்ற வாதம் ஓயவில்லை. ஆனாலும் இந்தத் தொடர்பை முன்கூட்டியே நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2014இல் அறிக்கை வெளியிட்டது. சலூனில் முடிவெட்டியபின் கழுத்தில் சொடக்கு எடுத்துக்கொள்ளும் நம் ஆட்களுக்கு இது தெரிய வேண்டும். எனவே மேனிபுலேஷனுக்கு என் ஓட்டு 'சொடுக்கல்'.

மென்பொருள் தமிழாக்கர், பெங்களூரு

டாக்டர், சொடுக்கல் எங்கள் சொல்! இருபது ஆண்டுகளாக மவுஸைச் சொடுக்கிக்கொண்டிருக்கிறோம். "இங்கே சொடுக்கவும்" என்று எழுதாத தமிழ்த் தளம் குறைவு.

எதற்கு இவ்வளவு சிரமம்? 'மேனுவல் தெரபி' என்று தமிழ் எழுத்தில் போட்டு, கீழே ஒரு வரி விளக்கம் தந்தால் போதாதா?

தமிழாசிரியர், தஞ்சாவூர்

போதாது. "வடசொற் கிளவி வடஎழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல் ஆகும்மே" என்று தொல்காப்பியர் வழிவிட்டது, சொல்லே இல்லாத இடத்துக்கு என்று நான் கொள்கிறேன். நம்மிடம் சொல் இருக்கிறது.

தைவரலை நான் வற்புறுத்தவில்லை. ஆனால் நான் சொன்ன இரண்டாம் எட்டில் 'உந்தல்' இருக்கிறதே! மருத்துவர் சொன்ன அந்தத் தள்ளுக்கு அதைவிடப் பொருத்தம் ஏது? பிறகு, கரோட்டிட் என்ற சொல்லின் வேர் கிரேக்க 'காரோஸ்'. ஆழ்துயில், மயக்கம் என்று பொருள். அந்தத் தமனியை அழுத்தினால் மயக்கம் வரும் என்று பண்டைக் கிரேக்கர் கண்டு வைத்த பெயர். அதை 'துயில்தமனி' என்று ஆக்கினால் டாக்டர் சொன்ன எச்சரிக்கை பெயரிலேயே வந்துவிடும். கிரேக்க 'கைர்' என்றால் கை. முதுகெலும்பைக் கையால் சீர்செய்யும் கைரோபிராக்டிக் மட்டுமா, சர்ஜரியும் அந்தக் கையிலிருந்து கிளைத்ததுதான்.

சித்த மருத்துவர், நாகர்கோவில்

படிவத்தில் நன்மையையும் சேருங்கள். முதல் கழுத்தெலும்பைச் சீர்செய்தபோது இரத்த அழுத்தம் 17 புள்ளி இறங்கியதாகச் சிகாகோவில் 2007இல் ஆய்வு வந்திருக்கிறது. தொட்டால் பரிவு நரம்பு ஏறும் என்று மட்டும் எழுதினால் பாதி உண்மைதான்.

இதய மருத்துவர், சென்னை

அந்த ஆய்வு எனக்குத் தெரியும். 50 பேர், எட்டு வாரம். போலிச் சிகிச்சை பெற்றவர்களுக்கு மேலழுத்தம் (இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம்) 3 புள்ளி இறங்கியது, மற்றவர்களுக்கு 17. குறிப்பிடத்தக்க வேறுபாடுதான். ஆனால் அது முன்னோட்ட ஆய்வு. அட்லஸ் எனப்படும் அந்த முதல் கழுத்தெலும்புக்கென்றே உள்ள ஒரு தனி முறை. அவர்கள் கழுத்துவலிக்காக வந்தவர்களும் அல்லர். இதை ஒப்புதல் படிவத்தில் போட்டால் ஒருவர் மாத்திரையை நிறுத்திவிடுவார். நான் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மொழிபெயர்ப்பாளர், திருச்சி

அனைவருக்கும் நன்றி. நேரம் முடிந்துவிட்டது. பெரும்பாலோர் மறுக்காத சொற்களை எடுத்துக்கொண்டேன். மேனுவல் தெரபி: கைவழிச் சிகிச்சை. மொபிலைசேஷன்: அசைத்தல். மேனிபுலேஷன்: திடீர் உந்தல், அடைப்புக்குள் 'கழுத்தில் சொடக்கு எடுப்பது'. பத்தி இப்படிப் போகிறது:

"கைவழிச் சிகிச்சைக்கு முன் உங்கள் இரத்த அழுத்தம் பார்க்கப்படும். அசைத்தலின்போது நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சிறிது நேரம் கூடலாம் அல்லது குறையலாம். இது இரத்த அழுத்தத்துக்கான மருத்துவம் அன்று, மாத்திரையை நிறுத்தாதீர்கள். திடீர் உந்தல் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சிகிச்சைக்குப் பின் இதுவரை இல்லாத கடும் தலைவலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், முகத்தில் மரத்துப்போதல் ஏதேனும் வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்."

யாழ்ப்பாண நண்பரின் குருதி அமுக்கத்தை இலங்கைப் பதிப்பில் மாற்றித் தருகிறேன். துயில்தமனிக்கு இந்தப் படிவத்தில் இடமில்லை, ஐயா. கரோட்டிட்டே பத்தியில் வரவில்லை.

சித்த மருத்துவர், நாகர்கோவில்

மாத்திரை பற்றிய வரி சரி, டாக்டருக்கு நன்றி. ஆனால் ஒன்பதில் ஒன்றான அசைத்தலை எடுத்துக்கொண்டு தொகுப்புப் பெயரான தொக்கணத்தை விட்டது எனக்கு உடன்பாடில்லை. கைவழி என்றால் 'கையின் வழியாக' என்று மட்டுந்தான் பொருள். ஊசி போடுவதும் கையின் வழியாகத்தான். குழுமத்தின் கலைச்சொல் பட்டியலில் இதைச் சேர்க்கும்போது என் மறுப்பையும் பக்கத்தில் பதிவு செய்யுங்கள்.