விதைப் பரவல் ஆய்வு: வழி சொல்லுங்கள்

வணக்கம். எம்.எஸ்சி. தாவரவியல் முடிக்கப் போகிறேன். பிஎச்.டி.க்கு மழைக்காட்டு மரங்களின் விதைப் பரவலை எடுக்க ஆசை. தாய்மரத்தடியில் குவியும் விதைகளையும் நாற்றுகளையும் பூச்சியும் பூஞ்சையும் தீர்த்துவிடும், தள்ளி விழுந்ததுதான் பிழைக்கும் என்று சூழலியலாளர்கள் ஜான்ஸென் 1970-லும் கானெல் 1971-லும் எழுதியதுதான் என்னை இழுத்தது. கருங்குங்கிலிய மரத்தின் பழத்தை விழுங்கி, கொட்டையை எங்கோ போய்க் கக்கும் இருவாச்சிப் பறவையை வைத்து ஆனைமலையில் இதைச் சோதிக்கலாமா?

மரத்தடியில் வலை கட்டி, விழும் விதையை எண்ணியவர்கள் இங்கே உண்டா? எலி, குரங்குத் தொல்லையை எப்படிச் சமாளித்தீர்கள்? வனத்துறை அனுமதிக்கு எவ்வளவு முன்னால் விண்ணப்பிக்க வேண்டும்? அப்புறம், பெங்களூரு என்சிபிஎஸ், ஏட்ரீ, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், இந்த ஆய்வு நிறுவனங்களில் காட்டுக்குக் கூடவே வரும் கைடு எங்கே கிடைப்பார்?

வீட்டில் பி.எட். சேரச் சொல்கிறார்கள். அதற்கு மட்டும் யோசனை வேண்டாம்!