சின்னப் பிள்ளைகளோடு தீம் பார்க்: எதற்குச் செலவழிக்கலாம், எதை விட்டுவிடலாம்?

கேட்டவர்: இரண்டு பிள்ளைகளின் அம்மா

மகனுக்கு நாலு வயது, மகளுக்கு ஒன்றரை. இந்த விடுமுறைக்குப் பெரிய தீம் பார்க் ஒன்றுக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. டிக்கெட் விலையைப் பார்த்ததுமே தலை சுற்றியது. மூன்று நாள் பாஸாக எடுத்தால் ஒரு நாளுக்குக் குறைவாக விழும் என்கிறார் வீட்டுக்காரர். வரிசையில் நிற்காமல் போகிற பாஸையும் சேர்த்தே வாங்கிவிடலாமாம். பொடிசுகளைக் கூட்டிக்கொண்டு போய் வந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்களேன். எதற்குக் கொடுத்த காசு தகும், எது வீண்?

இரட்டையரின் அப்பா

தங்கச்சி, டிக்கெட் வாங்கும் பக்கத்தைத் திறப்பதற்கு முன் பையனைச் சுவரோரம் நிற்க வைத்து அளந்துவிடுங்கள். செருப்பு இல்லாமல், தலைமுடியை அழுத்தி. பட்ஜெட்டை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நாலு வயதில் பிள்ளைகள் பெரும்பாலும் 102, 103 செ.மீ. பக்கம் இருப்பார்கள். கலிஃபோர்னியா டிஸ்னிலாந்தில் ஸ்பேஸ் மவுண்டன் ஏற 102 செ.மீ. வேண்டும். ஃபுளோரிடாவில் அதே பெயரில் இருக்கும் ரைடுக்கு 112. யுனிவர்சலில் பெரிய ரோலர் கோஸ்டர்கள் சிலவற்றுக்கு 122. அந்த உயரம் வர ஏறக்குறைய ஏழு வயதாகும். எந்தப் பூங்காவாக இருந்தாலும் அதன் இணையதளத்தில் ரைடு வாரியாக உயரம் போட்டிருப்பார்கள். பையன் ஏறக்கூடியவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதி வீட்டுக்காரர் கையில் கொடுங்கள். மூன்று நாள் பாஸ் பேச்சு தானாக அடங்கிவிடும்.

எங்கள் இரண்டு பேரில் ஒருவன் கொஞ்சம் உயரம் கூட. ரைடு வாசலில் நின்ற பெண் அளவுக் குச்சியை நீட்டிப் பிடித்தார். பெரியவன் தலை குச்சியில் இடித்தது, உள்ளே போகச் சொன்னார். சின்னவன் வந்து நின்று, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கினான். அவர் ஒன்றும் சொல்லாமல் குனிந்து அவன் காலைப் பார்த்தார். இவனும் காலைப் பார்த்தான். மெதுவாக இறக்கினான். குச்சிக்கும் தலைக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் அளவு இடைவெளி. அப்புறம் அரை மணி நேரம் ஒப்பாரிதான். அன்றிலிருந்து, இரண்டு பேரும் சேர்ந்து ஏற முடியாத ரைடு பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை.

வரிசை பாஸ் விஷயம். டிஸ்னியில் 1999-இல் ஃபாஸ்ட்பாஸ் வந்தபோது அது இலவசம். 2021-இல் அதை எடுத்துவிட்டுக் காசு வாங்க ஆரம்பித்தார்கள். இப்போது லைட்னிங் லேன் என்று பெயர். கூட்டமான நாளில் விலையும் ஏறும். வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அது சரி. உங்கள் பையனுக்குப் பிடிக்கப் போகிற சுற்றுகள் பலவற்றில் காலையில் கதவு திறந்த கையோடு போனால் காத்திருப்பு குறைவு. அங்கேயும் ராட்டினத்தில் ஒரே குதிரையில்தான் மறுபடி மறுபடி ஏறுவான், பாருங்கள். அந்தக் காசைப் பூங்காவுக்குப் பக்கத்தில் ரூம் எடுப்பதில் போடுங்கள். மதியம் பன்னிரண்டுக்கு வெளியே வந்து, இரண்டையும் தூங்கவைத்து, வெயில் இறங்கியதும் திரும்பப் போகலாம். பல பூங்காக்களில் அதே டிக்கெட்டில் அன்றைக்கே மறுபடி உள்ளே விடுவார்கள். முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகளோடு போன சித்தி

வயசுக் கணக்கையும் பார்த்துக்கோங்க அக்கா. டிஸ்னியின் அமெரிக்கப் பூங்காக்களில் மூணு வயசு முடியாத குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. டோக்கியோவில் மூணு வயசுக்காரர்களுக்கும் இலவசம், நாலிலிருந்துதான் டிக்கெட். நெதர்லாந்தின் எஃப்டெலிங்கிலும் நாலு வயசுக்குள் இலவசம்தான். சில பூங்காக்களில் வயசே கேட்கமாட்டாங்க, உயரத்தை வைத்துத்தான் டிக்கெட். ஆனால் விமானத்தில் ரெண்டு வயசு முடிஞ்சாலே குழந்தைக்குத் தனி சீட்டு எடுத்தாகணும். உங்க பொண்ணுக்கு ரெண்டு முடியறதுக்குள்ள போனால் ரெண்டு பக்கமும் மிச்சம். போகிற நாளில் என்ன வயசோ அதைத்தான் பார்ப்பாங்க, டிக்கெட் வாங்கின நாளில் இல்லை.

இன்னொண்ணு, நீங்க ரெண்டு பேரும் பெரிய ரைடு எதுவும் ஏறாமலே வரணும்னு இல்லை. டிஸ்னியில் ரைடர் ஸ்விட்ச், யுனிவர்சலில் சைல்ட் ஸ்வாப்னு ஒரு ஏற்பாடு இருக்கு. ஒருத்தர் ஏறும்போது மற்றவர் குழந்தையோடு இருப்பார். இவர் வந்ததும் அவர் முழு வரிசையிலும் மறுபடி நிற்காமல் ஏறிக்கலாம். இதுக்குத் தனிக் கட்டணம் இல்லை. வாசலில் இருக்கும் ஊழியர்கிட்ட கேட்டால்தான் கிடைக்கும், தானாக யாரும் சொல்லமாட்டாங்க.

வேடம் போட்டவர்களோடு சாப்பாடுன்னு ஒண்ணு விற்பாங்க. அதுக்கு முன்பணம் கட்டாதீங்க. எங்க குட்டி தினமும் டிவியில் கொஞ்சுகிற அதே பொம்மை, ஆள் உயரத்துக்குத் தலையை ஆட்டிக்கிட்டு மேஜைப் பக்கம் வந்ததும் சாப்பாட்டை விட்டுட்டு என் துப்பட்டாவுக்குள்ள புகுந்துட்டா. அது போகிறவரைக்கும் வெளியே வரலை. அக்கா முகத்தைப் பார்க்கணுமே! முதலில் தூரத்திலிருந்து சும்மா கையசைக்க வைங்க. சிரிச்சால் அப்புறம் யோசிக்கலாம்.

பேரன் பேத்தியோடு போய் வந்த தாத்தா

வயதானவன் என்பதால் கொஞ்சம் பழங்கதை. டிஸ்னிலாந்து 1955-இல் திறந்தபோது இப்போதுபோல எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் இல்லை. உள்ளே போக ஒரு கட்டணம், ஏறுவதற்குத் தனிச்சீட்டு. பிறகு ஏ, பி, சி என்று தரம் பிரித்த சீட்டுப் புத்தகம் வந்தது. 1959-இல் இ சீட்டும் சேர்ந்தது, பெரிய ரைடுகளெல்லாம் அதில். 1982-இல் அந்த முறை போய்விட்டது. ஒரே விலை என்று ஆன பிறகுதான் நமக்கு இந்த ஆசை. கொடுத்த காசுக்கு எல்லாவற்றிலும் ஏறியே தீர வேண்டும் என்று, தூங்குகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரவுவரை அலைகிறோம். குழந்தைக்கு அந்தக் கணக்கு தெரியாது. என் பேத்தி ஒரு முழுக் காலையைத் தரையிலிருந்து பீய்ச்சும் நீரூற்றில் கழித்தாள். மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். விடப்பா, அதுவும் டிக்கெட்டில் சேர்த்திதான் என்றேன்.

கோபன்ஹேகனில் 1843-லிருந்து இருக்கும் டிவோலி பூங்காவில் இன்றும் நுழைவுச்சீட்டு தனி, ரைடுச் சீட்டு தனி. உள்ளே போய்த் தோட்டத்தையும் விளக்குகளையும் பார்த்துவிட்டு, பிள்ளை கேட்கும் இரண்டொரு சுற்றுக்கு மட்டும் சீட்டு வாங்கலாம். இந்த வயதுக்கு அப்படிப்பட்ட இடம்தான் தோது என்பேன். எஃப்டெலிங்கும் 1952-இல் தேவதைக் கதைக் காடாகத் தொடங்கியதுதான். அந்தக் காடு இன்னும் இருக்கிறது. நடந்து நடந்து பார்த்தாலே போதும்.

தள்ளுவண்டி அம்மா

இரட்டையர் அப்பா சொன்னதில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பக்கத்து ரூமுக்குக் கொடுக்கிற காசு கொஞ்சநஞ்சமில்லை. நாங்கள் தள்ளி ஒரு சமையலறை உள்ள வீடு எடுத்தோம். காலை, இரவு இரண்டு வேளையும் வீட்டுச் சாப்பாடு; மதியத்துக்குக் கட்டி எடுத்துப்போனோம். டிஸ்னியின் அமெரிக்கப் பூங்காக்களில் வெளிச்சாப்பாடு கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாத்திரம் மட்டும் ஆகாது. எல்லா இடத்திலும் இப்படி இல்லை, கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தை தள்ளுவண்டியிலேயே தூங்கினாள். குளிர்சாதனம் உள்ள நாடக அரங்கில் போய் உட்கார்ந்தால் நமக்கும் கால் ஆறும்.

வண்டியை வீட்டிலிருந்தே கொண்டுபோவது லாபம். ஆனால் அளவைப் பாருங்கள்: அந்தப் பூங்காக்களில் 79 செ.மீ. அகலம், 132 செ.மீ. நீளத்துக்கு மேல் விடமாட்டார்கள். இழுத்துப்போகும் வேகன் வண்டிகளை 2019-இலேயே தடுத்துவிட்டார்கள். கைப்பிடியில் பளிச்சென்று ஒரு துணியைக் கட்டிவையுங்கள். ரைடிலிருந்து இறங்கி வந்தால் நூறு கறுப்பு வண்டி வரிசையாக நிற்கும்; போதாததற்கு ஊழியர்கள் இடம் மாற்றியும் வைத்திருப்பார்கள்.

பொம்மைக் கடையில்தான் பட்ஜெட் ஓட்டையாகும். ரைடை விட்டு வெளியே வரும் வழியே பல இடங்களில் கடைக்குள்தான் போகும். ஊரிலிருந்தே ஒளிரும் வளையல், சோப்புக் குமிழி எல்லாம் வாங்கிப் பைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். இருட்டியதும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். பக்கத்துக் குடும்பத்துப் பையனும் வந்து கேட்டான், அவனுக்கும் ஒன்று.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. இப்போதுதான் பையனை அளந்தேன்: 99. பட்டியலைப் பார்த்ததும் வீட்டுக்காரரே “ஒரு நாள் போதும், இன்னொரு நாள் நீச்சல் குளம்” என்றுவிட்டார். வரிசை பாஸ் போயேபோச்சு. பக்கத்து ரூமா, தூரத்து வீடா என்றுதான் இன்னும் சண்டை. இன்னொரு சந்தேகம்: பையன் இப்போதுதான் டயப்பரை விட்டிருக்கிறான். தானாகத் தண்ணீர் பாய்கிற கழிப்பறை என்றால் அலறி ஓடுகிறான். யாராவது சமாளித்திருக்கிறீர்களா?

அக்கா மகளோடு போன சித்தி

ஒட்டுத்தாள் ஒரு கட்டு வாங்கிப் பையில் போட்டுக்கோங்க. கழிப்பறைக்குப் பின்னாடி சென்சார் கண் இருக்கும், அதன் மேல ஒண்ணை ஒட்டிட்டால் அவன் எழுந்து கதவைத் திறந்து வெளியே போகிறவரை தண்ணீர் வராது. அப்புறம் நீங்க கிழிச்சுக்கலாம். எங்க குட்டிக்கு இப்போ தாளைத் தானே ஒட்டணும்.