பிஎஸ்1 கேம் ஸ்லோவா ஓடுது, சவுண்டும் கரகரன்னு உடையுது – அவசரம்

விசிறி08:
கையடக்க மெஷின்ல ரெட்ரோஆர்ச் எமுலேட்டர்ல பிஎஸ்1 (முதல் பிளேஸ்டேஷன்) கேம் ஓட்டறேன். ரேஸ் ஆரம்பிச்ச உடனே சவுண்ட் கரகரன்னு உடையுது. வண்டி தண்ணிக்குள்ள போற மாதிரி போகுது. போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு. சிப்புக்கு வேலை கூட்டுற ரன்-அஹெட், ரீவைண்ட் ரெண்டும் ஆஃப். ஷேடர் (பட எஃபெக்ட்) கிடையாது. சிப் வேகத்தை முடிவு பண்ற கவர்னரும் பெர்ஃபார்மன்ஸ்ல வெச்சாச்சு. வேற என்ன மாத்தணும்? சீக்கிரம் சொல்லுங்க.

நீலத்திரை:
எந்த கேம்? மெஷின்ல என்ன சிப், எவ்வளவு ராம்? ஓஎஸ் எது? கோர், அதாவது ரெட்ரோஆர்ச்சுக்குள்ள கேமை ஓட்டற எமுலேட்டர், பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டா, பீட்டிலா? பீட்டில் துல்லியத்துக்காக எழுதினது, சின்ன சிப்புல அதைப் போட்டா இப்படித்தான் ஆகும். முதல்ல அதைச் சொல்லுங்க.

கம்பிச்சுருள்:
எஸ்டி கார்டா இருக்கும். மெஷினோட வர்ற கார்டு சீக்கிரம் தேய்ஞ்சிடும். கம்ப்யூட்டர்ல போட்டு முழுக் கார்டையும் எழுதிப் படிச்சு சரிபாருங்க. ஒரு இடத்துல பிழை வந்தாலும் கார்டை மாத்திடுங்க.

அலைவரிசை:
கரகரன்னு கேட்டா ஆடியோ லேட்டன்சிதான், அதாவது சவுண்டை முன்கூட்டியே பஃபர்ல சேர்த்து வைக்கிற நேரம். 64 மில்லிசெகண்டுல இருக்கும், 128 ஆக்குங்க. சரியாயிடும்.

பழையகை:
சரியாகாது. இதே பதிலை எத்தனை இழையில்தான் எழுதுவீர்கள்? ஒரு முறையாவது கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பிஎஸ்1 ஒலி விநாடிக்கு 44,100 சாம்பிள் (ஒலித் துணுக்கு). எமுலேட்டர் விநாடிக்கு 60 ஃபிரேமுக்குப் பதில் 50தான் ஓட்டுகிறது என்றால் விநாடிக்கு 36,750 சாம்பிள்தான் பிறக்கும். ஒவ்வொரு விநாடியும் 7,350 பற்றாக்குறை. 128 மில்லிசெகண்ட் பஃபரில் அடங்குவதே சுமார் 5,645 சாம்பிள். சுமார் முக்கால் விநாடியில் அதுவும் காலி, மறுபடி கரகர. வேகம் முழுதாக இருந்து, நடுவில் எப்போதாவது ஒரு ஃபிரேம் தாமதமானால் மட்டும்தான் லேட்டன்சியைக் கூட்டுவதில் பயன் உண்டு.

கேள்வி கேட்டவர் எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம்) எண்ணைத் திரையில் காட்டச் செய்துவிட்டு வரட்டும். அளக்காமல் எதையும் மாற்றக்கூடாது.

விசிறி08:
சாரி, அவசரத்துல எழுதிட்டேன். ஆர்கே3326 சிப், 1 ஜிபி ராம், 640×480 திரை, ஆர்க்ஓஎஸ். கோர் பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்ட். கேம் கிராண்ட் டூரிஸ்மோ 2, சிஹெச்டி (சுருக்கின டிஸ்க் இமேஜ்) ஃபைல். எஃப்பிஎஸ் மெனுல 60, ரேஸ்ல 48–52.

கட்டம்போட்டவன்:
50ஆ? பால் (PAL, ஐரோப்பிய டிவி முறை) டிஸ்க் போட்டிருக்கீங்க! ஐரோப்பிய டிஸ்க் 50 ஹெர்ட்ஸ்லதான் ஓடும். அமெரிக்க டிஸ்க் தேடுங்க.

நீலத்திரை:
பாலா இருந்தா மெனுலயும் 50தான் காட்டும், இப்படி 48, 52ன்னு ஆடாது. சவுண்டும் உடையாது. 50 ஹெர்ட்ஸ் படத்தை 60 ஹெர்ட்ஸ் திரையில காட்டுறதால நகர்வுல லேசான குலுக்கல் மட்டும் தெரியும். மெனுல 60 வருதுன்னு அவரே சொல்லிட்டார்.

கட்டம்போட்டவன்:
ஆனா அந்த கேமே ரேஸ்ல 30 ஃபிரேம்தானே?

நீலத்திரை:
கேம் புதுப் படம் வரையறது 30 தடவை. ரெட்ரோஆர்ச் எண்ணுறது கோர் அனுப்புற ஃபிரேமை, அது 60. ரெண்டையும் குழப்பிக்காதீங்க. அங்க 50ன்னு வந்தா முழு மெஷினும் ஆறில் ஐந்து பங்கு வேகத்துல ஓடுதுன்னு அர்த்தம்.

விசிறி, ஒரு சோதனை: ரேஸுக்குள்ள ஃபாஸ்ட் ஃபார்வர்டை அழுத்திப் பிடிச்சு எண்ணைப் பாருங்க. 60ஐத் தாண்டி எகிறினா சிப்புக்குத் தெம்பு இருக்கு, கோளாறு விசிங்க்லயோ (ஃபிரேமைத் திரையோட ஒத்துப்போக வைக்கிறது) ஆடியோலயோ. அதே 50லயே நின்னா சிபியுதான் முட்டுது.

கம்பிச்சுருள்:
சிஹெச்டின்னு இப்பத்தான் சொல்றார். சுருக்கின ஃபைலை விரிக்கிற வேலையும் அந்தச் சிப்போட ஏ35 சிபியு கோருக்குத்தானே? சுருக்காத பின்-கியூ ஃபைலா மாத்திப் பாருங்க, வித்தியாசம் தெரியும்.

பழையகை:
தெரியாது. பிஎஸ்1 டிரைவ் இரட்டை வேகத்தில் விநாடிக்கு 150 செக்டார் (டிஸ்க்கின் சிறு பகுதி) படிக்கும். சிஹெச்டியில் சேர்த்துச் சுருக்கும் ஒரு துண்டுக்கு 8 செக்டார், 19,584 பைட். விநாடிக்கு 19 துண்டு விரித்தால் போதும், 400 கிலோபைட்டுக்கும் குறைவு. இதற்கு ஏ35 திணறாது.

கம்பிச்சுருள்:
சராசரி கணக்கு சரி, ஆனா வேலை சராசரியா வர்றதில்லையே. ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். அதுக்குள்ள பிஎஸ்1-ஓட சிபியு, ஜிபியு (படம்), எஸ்பியு (ஒலி) வேலை எல்லாத்தையும் முடிக்கணும். நடுவுல ஒரு துண்டு விரிக்க சில மில்லிசெகண்ட் போனா அந்த ஃபிரேம் தவறிடும். வீடியோ காட்சிகள்ல இதைக் கண்ணாலயே பார்க்கலாம்.

பழையகை:
கோரின் சிடி ஆக்சஸ் முறை என்ற ஆப்ஷன் சிங்க்கில் இருந்தால் அப்படி நடக்கும். அசிங்க்கில் வைத்தால் படிப்பதும் விரிப்பதும் தனித் திரெட்டில் போகும். நான்கு கோர் உள்ள சிப்பில் மற்றவை சும்மாதான் இருக்கின்றன.

கம்பிச்சுருள்:
அசிங்க்ல பிரச்சினை இல்லைன்னு ஒத்துக்கிறேன். ஆனா அந்த ஆப்ஷன் இருக்குன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? புதுசா வர்றவங்களுக்கு பின் ஃபைல்தான் தொல்லை இல்லாதது.

அலைவரிசை:
64 ஜிபி கார்டுல பின் ஃபைலா போட்டா எத்தனை கேம் பிடிக்கும்? டிராக்குக்கு ஒரு ஃபைல் வேற. சிஹெச்டின்னா டிஸ்க்குக்கு ஒரே ஃபைல்.

நீலத்திரை:
இதைத் தனி இழையில வெச்சுக்கலாமா? கேட்டவர் இன்னும் சோதனை முடிவே சொல்லல.

விசிறி08:
ஃபாஸ்ட் ஃபார்வர்ட்லயும் 51தான். இந்த கேமுக்கு ஆர்கேட், சிமுலேஷன்னு ரெண்டு டிஸ்க். ஆர்கேட் டிஸ்க்ல அதே டிராக்ல 80க்கு மேல போகுது. ஆர்கேட் டிஸ்க் எப்பவும் நல்லா ஓடும், சொல்ல மறந்துட்டேன். சிமுலேஷன் டிஸ்க்லதான் பிரச்சினை.

நீலத்திரை:
இதை முதல்லயே சொல்லியிருந்தா பாதி பதில் தேவைப்பட்டிருக்காது. ரெண்டு டிஸ்க்லயும் ரேஸ் ஒரே மாதிரிதான். ஒண்ணுல 80, இன்னொண்ணுல 51ன்னா கார்டு, கவர்னர், சூடு, சிஹெச்டி எதுவும் காரணம் இல்ல. அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் தனி செட்டிங் சேவ் ஆகியிருக்கு.

சிமுலேஷன் டிஸ்க்கை ஓடவிட்டு குவிக் மெனு, கோர் ஆப்ஷன்ஸ் போங்க. ரெண்டு வரியைப் பாருங்க.

ஒண்ணு என்ஹான்ஸ்டு ரெசல்யூஷன். ஆன்ல இருந்தா அகலம், உயரம் ரெண்டும் இரட்டிப்பாகி நாலு மடங்கு பிக்சலை சிபியுவே வரையணும். இந்தச் சிப்புல இந்த கேமுக்கு அது ஆகாது.

ரெண்டாவது பிஎஸ்எக்ஸ் சிபியு கிளாக் ஸ்பீட். என் சந்தேகம் இதுமேலதான். பேரைப் பார்த்து, கூட்டினா வேகமாகும்னு நிறைய பேர் 100 வெச்சிடறாங்க. நடக்கிறது நேர்மாறு. உண்மையான பிஎஸ்1 சிபியு 33.8688 மெகாஹெர்ட்ஸ், அதாவது 60 ஹெர்ட்ஸ்ல ஒரு ஃபிரேமுக்கு 5,64,480 சுழற்சி. நிஜ மெஷின்ல மெமரிக்காகக் காத்திருக்கிற நேரமும் அதுல சேர்ந்தது. அதனால இந்தக் கோர் 57ல இருக்கும்போது ஒரு கட்டளைக்கு சராசரி ஒண்ணேமுக்கால் சுழற்சின்னு வெச்சு, ஃபிரேமுக்கு சுமார் 3.2 லட்சம் கட்டளை ஓட்டும். 100 வெச்சா 5.6 லட்சம். உங்க ஏ35 அத்தனையையும் அதே 16.7 மில்லிசெகண்டுக்குள்ள முடிக்கணும். முடியாம 50ல நிக்குது.

விசிறி08:
கிளாக் ஸ்பீட் நேத்தே பார்த்துட்டேனே, 57தான் இருந்தது.

பழையகை:
எந்த டிஸ்க் ஓடும்போது பார்த்தீர்கள்? கோர் ஆப்ஷன்ஸ் காட்டுவது அப்போது ஓடும் கேமின் மதிப்பை. ஆர்கேட் டிஸ்க்கில் பார்த்திருந்தால் 57தான் தெரியும். ஏதோ ஒரு நாள் சிமுலேஷன் டிஸ்க்கில் இருந்தபடி சேவ் கேம் ஆப்ஷன்ஸ் அழுத்தியிருக்கிறீர்கள். அது கான்ஃபிக் ஃபோல்டருக்குள், கோர் பெயரிலுள்ள ஃபோல்டரில், அந்த இமேஜின் பெயரிலேயே ஆப்ட் நீட்டிப்போடு ஒரு ஃபைல் எழுதும். பிறகு பொது செட்டிங்கை எத்தனை முறை மாற்றினாலும் அந்தக் கேமுக்கு மட்டும் இந்த ஃபைல்தான் செல்லும். கேமை மூடிவிட்டு அதை அழியுங்கள். பக்கத்தில் அதே பெயரில் சிஎஃப்ஜி ஃபைல் இருந்தால் அது ரெட்ரோஆர்ச்சின் பொது செட்டிங்கை மீறும் ஓவர்ரைடு, திறந்து பாருங்கள். ரன்-அஹெட் ஆஃப் என்று நீங்கள் நம்புவதைக்கூட அது பொய்யாக்கலாம்.

கட்டம்போட்டவன்:
எம்3யு (ரெண்டு டிஸ்க்கையும் பட்டியல் போடுற ஃபைல்) வழியா ஓட்டினா?

பழையகை:
அப்போது ஃபைல் எம்3யுவின் பெயரில் இருக்கும். டிஸ்க் பெயரில் தேடினால் கிடைக்காது.

கம்பிச்சுருள்:
ஆப்ட் ஃபைலை அழிச்ச பிறகு ஒரு தடவை பின்-கியூலயும் ஃபாஸ்ட் ஃபார்வர்ட் எண் எடுத்துப் போடுங்க. சிஹெச்டி வித்தியாசம் எவ்வளவுன்னு தெரிஞ்சிடும்.

விசிறி08:
100தான் இருந்தது. அழிச்சிட்டேன். ரேஸ்ல 60, ஃபாஸ்ட் ஃபார்வர்ட்ல 83. நன்றி எல்லாருக்கும்.

இரவுப்பறவை:
எனக்கும் இதே தொல்லை. ஆனா எல்லா கேம்லயும் வருது, அரை மணி நேரம் ஓடின பிறகுதான். ஆப்ட் ஃபைல் எதுவும் இல்ல.

நீலத்திரை:
உங்களோடது வேற. அரை மணி கழிச்சுன்னா சூட்டுல சிப் தன் வேகத்தைக் குறைக்குதான்னு பார்க்கணும். தனி இழை போடுங்க. சிப், கோர், ஆரம்பத்துல ஃபாஸ்ட் ஃபார்வர்ட் எண், அரை மணி கழிச்சு அதே இடத்துல அதே எண், அப்போ சார்ஜர் மாட்டியிருந்ததா இல்லையா – இவ்வளவும் முதல் பதிவுலயே இருக்கட்டும்.